தோல் வெள்ளை, முடி பொன்னிறம்: பிறகு கிளேர் எப்படிக் கறுப்பினப் பெண்? (நெல்லா லார்சனின் நாவலை முன்வைத்து ஒரு கேள்வி)

கரிசல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் இம்மாதம் நெல்லா லார்சன் எழுதி 1929-இல் வெளிவந்த ‘பாஸிங்’ (வெள்ளைத் தோற்றம் கொண்ட கறுப்பினத்தவர் வெள்ளையராகவே புழங்குவதைக் குறிக்கும் சொல்) என்ற நாவலை வாசித்தோம். அளவில் சிறிய நூல்தான். இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிடலாம். ஆனால் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்ததும் ஒரு கேள்வியில் முட்டி நின்றுவிட்டோம். அன்று எங்களால் விடை சொல்ல முடியாததால் அதை இங்கே வைக்கிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரீன், கிளேர் இருவரும் சிகாகோவில் ஒன்றாக வளர்ந்த கறுப்பினப் பெண்கள். பல ஆண்டுகள் கழித்து, அனல் பறக்கும் ஒரு கோடை நாளில், கறுப்பினத்தவரை உள்ளே விடாத உயர்தர ஓட்டல் ஒன்றின் மொட்டைமாடி உணவகத்தில் இருவரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். அங்கிருப்பவர்கள் இருவரையுமே வெள்ளைக்காரப் பெண்கள் என்று எண்ணுகிறார்கள். ஐரீன் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மருத்துவர் ஒருவரை மணந்து தன் மக்களோடு வாழ்பவள்; தேவைப்படும் சமயத்தில் மட்டும் இப்படி ஓர் இடத்துக்குள் நுழைந்து வெளியேறுபவள். கிளேரோ தன் பிறப்பை முழுவதுமாக மறைத்து, கறுப்பினத்தவரை அடியோடு வெறுக்கும் ஜான் பெல்யூ என்ற வெள்ளைக்காரரை மணந்து, ஒரு மகளையும் பெற்றிருக்கிறாள். குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமோ என்று கர்ப்ப காலம் முழுவதும் செத்துப் பிழைத்ததாக அவளே சொல்கிறாள்.

எங்கள் வட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்டார்: “தோல் வெள்ளை, முடி பொன்னிறம், பார்க்கிற எல்லாரும் வெள்ளைக்காரி என்கிறார்கள். அப்படியானால் அவள் வெள்ளைக்காரிதானே? அவளிடம் கறுப்பு எங்கே இருக்கிறது?” நாங்கள் பூர்வீகம் என்றோம், இரத்தம் என்றோம். அவருக்கு அது போதவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதவில்லை. தமிழில் ‘கறுப்பு’ என்பது நிறம். ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பாகவும் தம்பி சிவப்பாகவும் இருப்பார்கள். அதனால் அவர்கள் இரண்டு இனத்தவர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்க எழுத்தில் இந்தச் சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது? இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அந்த நாட்டு நாவல்களை நாம் சரியாக வாசிக்க முடியுமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் எழுதியது:

வாசகி அவர்களுக்கு வணக்கம். உங்கள் வட்டத்துப் பெரியவர் கேட்டதுதான் அந்த நாவலின் மையக் கேள்வி. அவரை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகள் அமெரிக்க இலக்கியம் கற்பித்தவன் என்ற முறையில், விடையை நாவலுக்குள் தேடுவதற்கு முன் சட்டப் புத்தகத்துக்குள் தேட வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

1662-ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்தின் மரபுப்படி குழந்தை தந்தையின் நிலையைத்தான் பெறும்; அதைத் தலைகீழாக்கினார்கள். காரணம் வெளிப்படையானது. பண்ணை முதலாளி தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற குழந்தை இதன்படி அவருக்கு வாரிசு ஆகாது, உடைமை ஆகும். இரண்டு நூற்றாண்டுகள் இப்படியே நடந்தால் என்ன ஆகும்? தலைமுறைக்குத் தலைமுறை நிறம் வெளுத்துக்கொண்டே போக, அடிமைத்தனம் மட்டும் மாறாமல் இருக்கும். தோலைப் பார்த்து அடிமையை அடையாளம் காண முடியாத நிலையை உருவாக்கியவர்கள் அடிமை முதலாளிகளே என்பதை மறந்துவிடக் கூடாது. மார்க் ட்வைன் 1894-இல் வெளியிட்ட ‘பட்டன்ஹெட் வில்சன்’ நாவலில் ராக்ஸி என்ற தாய் வருகிறாள். அவளிடம் பதினாறில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க இரத்தம். அவள் மகனிடம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அவனும் முதலாளியின் குழந்தையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மகன் விற்கப்பட்டுவிடுவானோ என்று அஞ்சி அவள் தொட்டிலில் இருவரையும் மாற்றிவிடுகிறாள். கதை முழுவதும் அந்த ஒரு செயலின் விளைவுதான்.

அடிமைமுறை ஒழிந்த பிறகு சிக்கல் தீரவில்லை, இறுகியது. ஹோமர் பிளெஸி என்பவர் நியூ ஆர்லியன்ஸில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். எட்டில் ஏழு பங்கு வெள்ளையர் பூர்வீகம் கொண்டவர். 1892-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று, தனிப்பெட்டிச் சட்டத்தை எதிர்ப்பதற்காகத் திட்டமிட்டு, வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவரைப் பார்த்து யாருக்கும் எந்த ஐயமும் எழாது என்பதால், தான் கறுப்பினத்தவர் என்பதை அவரே தெரிவித்துத்தான் கைதாக வேண்டியிருந்தது. 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருக்காக வாதாடிய அல்பியன் டூர்ஜே ஒரு நாவலாசிரியரும்கூட. வெள்ளையர் என்ற பெயருக்கு ஒரு சொத்தின் மதிப்பு இருக்கிறது, ரயில் நடத்துநர் ஒருவர் அதைப் பறித்துக்கொள்ள முடியாது என்று அவர் வாதிட்டது நாவலாசிரியருக்கே தோன்றக்கூடிய வாதம் என்பது என் எண்ணம்.

1924-இல் வர்ஜீனியா மீண்டும் ஒரு சட்டம் இயற்றியது. வேறு இனத்தின் சுவடு சிறிதும் இல்லாதவரே வெள்ளையர் என்றது. ஆனால் பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்குவரை இருந்தால் மன்னிக்கலாம் என்று ஒரு விலக்கும் வைத்தது. பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகளான பொகஹாண்டஸின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசிக்கொண்ட பெருங்குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் வெள்ளையர் பட்டியலிலிருந்து விழுந்துவிடக் கூடாதல்லவா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 1920 வரை ‘முலாட்டோ’ என்று கலப்பினத்தவருக்கு ஒரு பிரிவு இருந்தது. 1930-இல் அதை நீக்கிவிட்டு, ஒரு துளி இருந்தாலும் ‘நீக்ரோ’ என்றே பதியச் சொன்னார்கள். ‘பாஸிங்’ இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே வந்த நாவல் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பெரியவரிடம் இப்படிச் சொல்லலாம்: கிளேரின் கறுப்பு அவள் உடலில் எங்கும் இல்லை. அது பதிவேட்டில் இருக்கிறது, அக்கம்பக்கத்தாரின் நினைவில் இருக்கிறது, அவளைச் சிறுவயதில் அறிந்த ஐரீனின் வாயில் இருக்கிறது. அதனால்தான் ஐரீன் அவளுக்கு அவ்வளவு வேண்டியவளாகவும் அவ்வளவு ஆபத்தானவளாகவும் இருக்கிறாள். நாவலின் தொடக்கத்தில், மொட்டைமாடியில் ஒரு பெண் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஐரீன் அஞ்சும் இடத்தை மறுபடி வாசியுங்கள். நகம், உள்ளங்கை, காது மடல், பல் ஆகியவற்றைக் கொண்டு கண்டுபிடித்துவிடுவோம் என்று வெள்ளையர்கள் சொல்லிக்கொள்வதை எண்ணி அவள் மனத்துக்குள் எள்ளுகிறாள். தன்னை அவர்கள் இத்தாலியப் பெண் என்றோ ஸ்பானியப் பெண் என்றோதான் எப்போதும் எண்ணியிருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறாள். அப்படி உற்றுப் பார்த்த பெண்தான் கிளேர். அஞ்சியவளும் அச்சமூட்டியவளும் ஒரே மறைவுக்குள் இருந்திருக்கிறார்கள்.

ஹட்சன் கரை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒரு வழக்கைச் சேர்க்க விரும்புகிறேன். நம் நாட்டவர் ஒருவர் நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் எங்களைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வோம்.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியுரிமை பெற, ஒருவர் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். ஜப்பானில் பிறந்த டக்காவோ ஒசாவாவின் வழக்கில், 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தோலின் நிறத்தை அளவுகோலாக ஏற்க முடியாது, வெள்ளையர் என்றால் ‘காக்கேசிய’ இனத்தவர் என்று பொருள் எனக் கூறி அவர் மனுவைத் தள்ளியது. மூன்றே மாதங்களில், 1923 பிப்ரவரியில், பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திந்தின் வழக்கு வந்தது. இனவியலாளர்களின் வகைப்பாட்டின்படி தானும் காக்கேசியரே என்று அவர் வாதிட்டார். உயர்சாதி இந்தியர் என்பதையும் தன் தரப்புக்குச் சேர்த்துக்கொண்டார். அதே நீதிமன்றம், தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி சதர்லண்ட், இம்முறை அறிவியல் வகைப்பாடு முக்கியமில்லை, சாதாரண மனிதன் ‘வெள்ளையர்’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறானோ அதுவே பொருள் என்று மாற்றிச் சொன்னார்.

லார்சன் எழுதிய நியூயார்க் இந்தத் தீர்ப்புகளின் காலத்து நியூயார்க். நாவலுக்குள்ளேயே ஒரு வழக்கின் பெயர் வருகிறது; நம்மில் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பெல்யூ கிளேரை விவாகரத்து செய்ய முடியுமா என்று ஐரீன் யோசிக்கையில் ‘ரைன்லாண்டர் வழக்கு’ அவள் நினைவுக்கு வருகிறது. பெரும் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த லியோனார்ட் ரைன்லாண்டர் 1924-இல் ஆலிஸ் ஜோன்ஸ் என்ற பெண்ணை மணந்தார். பிறகு அவள் தன் இனத்தை மறைத்து ஏமாற்றிவிட்டதாகக் கூறித் திருமணத்தை ரத்து செய்யக் கோரி வழக்குத் தொடுத்தார். 1925-இல் நடந்த விசாரணையில், கணவருக்கு அவள் நிறம் முன்பே தெரிந்திருக்கும் என்று காட்டுவதற்காக, அவளுடைய வழக்கறிஞரே அவள் மேலாடையை நீக்கி ஜூரிகளுக்கு முன் உடலைக் காட்டச் செய்தார். ஜூரி அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வென்றாள், ஆனால் எந்த விலையில்! அந்த அறையை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், கிளேர் எதன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள் என்பது புரியும்.

நடுநிசி விளக்கு எழுதியது:

நான் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்பவள். வாசகியின் கேள்வியில் உள்ள ‘தமிழில் கறுப்பு என்பது நிறம்’ என்ற வரியை வாசித்ததும், இரண்டு ஆண்டுகளாக நான் போராடிக்கொண்டிருக்கும் இடத்தை யாரோ விரலால் தொட்டுக் காட்டியது போல் இருந்தது. ஆகவே சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்கள். ஒரு நூற்றாண்டு அமெரிக்க எழுத்தில் இந்த மக்களைக் குறிக்கக் குறைந்தது ஐந்தாறு சொற்கள் வருகின்றன. அவற்றில் சில அவர்களே தேர்ந்தவை, சில அவர்கள்மீது எறியப்பட்டவை. ‘நீக்ரோ’ என்ற சொல்லை இன்று நாம் தவிர்க்கிறோம். ஆனால் 1920-களில் அது தன்மானத்தின் சொல். அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் போன்றவர்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ 1930-இல்தான் இணங்கியது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து 2020-இல் ‘பிளாக்’ என்ற சொல்லுக்கும் அதே மரியாதையை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அளித்தது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அந்தப் போராட்டம் முழுவதும் மொழிபெயர்ப்பில் கரைந்துவிடுகிறது. ‘கறுப்பர்’ என்று எழுதினால் நிறமாகிவிடுகிறது. ‘கறுப்பினத்தவர்’ என்றால், ‘இனம்’ என்ற சொல்லை நாம் மொழிக்கும் நாட்டுக்கும் சேர்த்தே ஆள்வதால் பொருள் வேறு பக்கம் சாய்கிறது. நான் ‘கறுப்பினத்தவர்’ என்பதையே கையாள்கிறேன், நிறைவோடு அல்ல.

அடுத்தது நாவலின் தலைப்பு. ‘ஆள்மாறாட்டம்’ என்று ஒருவர் சொன்னார். அது குற்றப்பத்திரிகையின் சொல், கிளேரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. ‘வேடம்’ என்றால் உள்ளே வேறொரு உண்மை முகம் இருப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிறது. பல நாள் கழித்து, சந்தையில் கிழிந்த நோட்டு ஒன்றைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்து “இது செல்லாதும்மா” என்றபோது ஒன்று உறைத்தது. ‘செல்’ என்ற நம் வினையில் போவதும் இருக்கிறது, மதிப்போடு ஏற்கப்படுவதும் இருக்கிறது. செல்லும் காசு, செல்லாக் காசு. கிளேர் வெள்ளையர் உலகில் ‘செல்கிறாள்’. எந்த நொடியும் செல்லாதவள் ஆகக்கூடும். உண்மை தெரிந்து பெல்யூவின் முகம் மாறும் இறுதிக் காட்சியில் அதுதான் நடக்கிறது. இன்னொரு சொல் ‘மறைவு’. ஒளிந்திருப்பதும் இறந்துபோவதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இந்த இரண்டில் எதைத் தலைப்பாக வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் வட்டத்தினர் எதைச் சொல்வார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, இந்தக் கேள்வியை எல்லையின் விளிம்புவரை கொண்டுபோன ஒரு படைப்பைச் சொல்ல வேண்டும். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1983-இல் வெளியிட்ட ‘ரெசிடடிஃப்’ என்ற சிறுகதை. டுவைலா, ராபர்ட்டா என்ற இரண்டு எட்டு வயதுச் சிறுமிகள் ஓர் ஆதரவற்றோர் காப்பகத்தில் ஒரே அறையில் சில மாதங்கள் தங்குகிறார்கள். ஒருத்தி கறுப்பினத்தவள், ஒருத்தி வெள்ளையினத்தவள். சேர்ந்து நின்றால் உப்பும் மிளகும் போல இருப்பார்கள் என்று கதையே சொல்கிறது. ஆனால் எவள் உப்பு, எவள் மிளகு என்பதைக் கடைசிவரை சொல்வதில்லை. இனத்தை அடையாளம் காட்டும் குறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனம் உயிர்மூச்சாக இருக்கும் இருவரின் கதையைச் சொல்ல முடியுமா என்ற சோதனை அது என்று மாரிசன் தம் கட்டுரை நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

நான் முதன்முறை வாசித்தபோது, ராபர்ட்டாவின் தாய் கையில் பெரிய வேதாகமத்தோடு வந்ததைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தத் தாய் டுவைலாவின் தாயிடம் கைகுலுக்க மறுத்ததைப் பார்த்து முடிவை மாற்றினேன். ராபர்ட்டாவுக்கு அந்தத் தாய் கோழிக்கால் கொண்டுவந்திருந்தாள், மறுபடி மாற்றினேன். பின்னாளில் ராபர்ட்டா பணக்காரனை மணந்து காரோட்டி வைத்திருக்கிறாள், மறுபடி மாற்றினேன். கதையை முடித்தபோது ராபர்ட்டாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. என் தலைக்குள் எத்தனை முன்முடிவுகள் வரிசையாக நிற்கின்றன என்பது மட்டும் தெரிந்திருந்தது. பெயரைச் சொன்னதும் ஊரையும், ஊரைச் சொன்னதும் தெருவையும் கேட்டுப் பழகிய நமக்கு, அந்தக் கதை எங்கே குத்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அதை மொழிபெயர்க்க முயன்றபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. தமிழ்க் கதைகளில் உரையாடல் என்றால் பேச்சுவழக்கு. பேச்சுவழக்கில் எழுதினால் வட்டாரமும் சாதியும் படிப்பும் தாமாகவே வெளிப்பட்டுவிடும். டுவைலாவின் வாயில் ஒரு வழக்கையும் ராபர்ட்டாவின் வாயில் வேறொரு வழக்கையும் வைத்த மறுகணமே, மாரிசன் மறைத்ததை நான் சொல்லிவிட்டவள் ஆவேன். இருவரையும் எழுத்துத் தமிழில் பேசவிட்டால் எட்டு வயதுக் குழந்தைகள் மேடையில் பேசுவது போல் ஆகிவிடுகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பேச்சுவழக்கே இன அடையாளமாக ஆவதைப் பற்றிப் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ ஒரு முழு நாவலாகவே எழுதிக் காட்டியிருக்கிறது. மார்க் ட்வைனின் நாவலில் ஹக்கிள்பெரி ஃபின் என்ற சிறுவனோடு தெப்பத்தில் போன அடிமை ஜிம், இங்கே தன் கதையைத் தானே சொல்கிறான். அவனும் அவன் மக்களும் தங்களுக்குள் திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளையர் முன்னால் மட்டும் கொச்சையைப் பூண்டுகொள்கிறார்கள். அதைத் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் கற்பிக்கிறார்கள். 2024-இல் வந்த அந்நாவல் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

தெற்குத் தெரு எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனைவர்மீதும் மதிப்பு வைத்தே ஒரு மறுப்பைச் சொல்கிறேன். இத்திரியில் இதுவரை பேசப்பட்ட மனிதர்களை எண்ணிப் பாருங்கள்: வெள்ளையராகத் தோன்றக்கூடியவர்கள், அல்லது எந்த இனம் என்று தெரியாதவர்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவராக வாழ்ந்த மிகப் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. தெருவில் காவலர் நிறுத்தும்போது அவர்களின் பதிவேட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘கறுப்பு உடலில் இல்லை’ என்ற வாக்கியம் சட்டத்தின் முரணைக் காட்டுவதற்குச் சரி. ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், உடலில் அடி வாங்கியவர்களின் இலக்கியம் நம் பார்வையிலிருந்து விலகிவிடும்.

ரிச்சர்ட் ரைட் 1940-இல் எழுதிய ‘நேட்டிவ் சன்’ நாவலில் பிக்கர் தாமஸ் என்ற இளைஞன் சிகாகோவின் தென்பகுதியில் எலி ஓடும் ஒற்றை அறையில் தாய், தம்பி, தங்கையோடு வாழ்கிறான். கிளேர் வளர்ந்த அதே சிகாகோதான். வெள்ளைக்கார முதலாளியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இரவே, போதையில் கிடந்த முதலாளியின் மகளை அவள் அறைக்குத் தூக்கிச் செல்ல நேர்கிறது. பார்வையற்ற அவள் தாய் அறைக்குள் வருகிறாள். தான் அங்கே நிற்பது தெரிந்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்ற பீதியில், சத்தம் வராமலிருக்க அவன் தலையணையை அழுத்த, அந்தப் பெண் இறந்துபோகிறாள். அவனுக்கு ‘செல்லும் காசு’ ஆகும் வழி எதுவும் இல்லை. ஜேம்ஸ் பால்ட்வின் 1949-இல் எழுதிய கட்டுரையில் இந்த நாவலைக் கடுமையாக விமர்சித்தார். வெள்ளையர் கறுப்பினத்தவனைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்தையே பிக்கர் ஒப்புக்கொண்டுவிடுகிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இன அடையாளத்தை எப்படி எழுதுவது என்பது பற்றிக் கறுப்பின எழுத்தாளர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திய இந்த வழக்கு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

மாரிசனைப் பற்றிப் பேசினீர்கள். அவருடைய முதல் நாவலான ‘த புளூயஸ்ட் ஐ’ 1970-இல் வந்தது. பெகோலா என்ற சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் வேண்டிக்கொள்கிறாள். அவளை அழகற்றவள் என்று சொன்னவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். பள்ளியில், தெருவில், சொந்த வீட்டில் இருந்தவர்களும்தான். ‘நிறம்தானே, அண்ணன் கறுப்பு, தம்பி சிவப்பு’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, கறுப்பாக இருக்கும் அக்காளின் முகத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். வாசகியின் வட்டம் அடுத்து இந்த நாவலை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் எழுதியது:

தெற்குத் தெரு சொல்வதை ஏற்கிறேன். ‘உடலில் எங்கும் இல்லை’ என்று நான் எழுதியது கிளேருக்கு மட்டுமே பொருந்தும்; அதைப் பொதுவிதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வெள்ளையராகப் புழங்கியவர்களைப் பற்றிய நூல்கள் அடி வாங்கியவர்களை மறந்தவை அல்ல. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912-இல் தம் பெயரைப் போடாமலேயே ஒரு நாவலை வெளியிட்டார். யாரோ ஒருவரின் உண்மையான தன்வரலாறு என்றே பலர் அதை நம்பினார்கள். 1927-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் அவர் பெயர் அச்சானது. அதன் நாயகன் ஓர் இசைக்கலைஞன். தன் மக்களின் பாடல்களைத் திரட்டி அவற்றிலிருந்து பெரும் இசை படைக்க வேண்டும் என்ற ஆசையோடு தென்மாநிலங்களுக்குப் போகிறான். அங்கே ஒரு கறுப்பினத்தவரைக் கூட்டம் உயிரோடு எரிப்பதைக் கண்ணால் காண்கிறான். விலங்கைவிடக் கீழாக நடத்தப்படும் மக்களில் ஒருவனாக இருப்பதில் அவனுக்கு எழுவது அவமானம். அந்த அவமானம்தான் அவனை வெள்ளையர் உலகுக்குள் தள்ளுகிறது. பணமும் குடும்பமும் சேர்ந்த பிறகு, கடைசிப் பக்கத்தில், விவிலியத்தில் பயற்றங்கூழுக்குத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகனுக்குரிய உரிமையை) விற்ற ஏசாவைப் போல் ஆகிவிட்டேனோ என்று அவன் நினைக்கிறான். பெட்டிக்குள் அவன் எழுதிவைத்த இசைக்குறிப்புகள் மஞ்சளடித்துக் கிடக்கின்றன.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட வால்டர் ஒயிட், தம்மைக் கறுப்பினத்தவர் என்றே வாழ்நாள் முழுவதும் அறிவித்துக்கொண்டவர். தம் தோற்றத்தைப் பயன்படுத்தி, வெள்ளையராகத் தென்மாநில ஊர்களுக்குள் நுழைந்து, கும்பல் கொலைகளை விசாரித்து, செய்தவர்களின் வாயாலேயே கேட்டு வந்து எழுதினார். ஒருமுறை தாம் யார் என்று ஊர் அறிந்துவிட்டது தெரிந்து, தப்பித்து ரயில் ஏறியிருக்கிறார். அவரும் ஒரு நாவல் எழுதினார், 1926-இல். லார்சனை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

கரிசல் வாசகி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. இவற்றை அச்செடுத்துச் சென்று நேற்றைய கூட்டத்தில் வாசித்தேன். கிழிந்த நோட்டு வரும் இடத்தில் பெரியவர் நிறுத்தச் சொல்லி மறுமுறை கேட்டார். தலைப்புக்கு அவருடைய வாக்கு ‘செல்லுபடி’. வட்டத்தின் பெண்கள் நால்வரும் ‘மறைவு’ என்றோம். கிளேர் ஆறாவது மாடிச் சன்னலிலிருந்து விழுந்தாளா, குதித்தாளா, ஐரீனின் கை தள்ளியதா என்பதை லார்சன் சொல்லாமல் விட்டிருக்கும்போது, ‘மறைவு’ என்ற சொல்லும் அதைச் சொல்லாமல் விடுகிறது என்பது எங்கள் வாதம்.

ஆசிரியரின் பதிலைப் படித்த பிறகு லார்சனின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். தாய் டென்மார்க்கிலிருந்து வந்தவர்; தந்தை கரீபியத் தீவுகளின் வம்சாவளியினர். தாய் பிறகு வெள்ளைக்காரர் ஒருவரை மணந்து இன்னொரு மகளைப் பெற்றார். மூவரும் வெள்ளையராக இருந்த அந்த வீட்டில் நெல்லா ஒருத்திதான் வேறு. அவர் செவிலியராகவும், பிறகு ஹார்லெமின் 135-ஆவது தெரு நூலகத்தில் நூலகராகவும் பணியாற்றினார். இரண்டு நாவல்கள் எழுதி, குகென்ஹைம் நல்கையும் பெற்றார். பின்னர் எழுத்தை விட்டுவிட்டு மீண்டும் செவிலியர் வேலைக்கே திரும்பி, 1964-இல் இறந்தார். வீட்டுக்குள்ளேயே அந்த இனப் பிரிவினையை அனுபவித்தவர் அவர். அதனால்தான் கிளேரை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் அப்படி எழுத முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

தெற்குத் தெரு அவர்களுக்கு: அடுத்த மாதத்துக்கு ‘த புளூயஸ்ட் ஐ’ என்று முடிவாகியிருக்கிறது. அக்காளைப் பற்றிய அந்த வரிக்குப் பிறகு எங்கள் வட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது பெரியவர் வாசலில் நின்று இன்னொன்று கேட்டார். கிளேரின் மகள் மார்ஜெரி சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். தாய் இறந்துவிட்டாள், தாய் யார் என்பது தந்தைக்குத் தெரிந்துவிட்டது, குழந்தைக்கு எதுவும் தெரியாது. “அந்தப் பிள்ளை இப்போது யார்? அப்பன் அவளை வீட்டுக்கு அழைத்துக்கொள்வானா?” நாவல் அந்தக் குழந்தையிடம் திரும்பிப் போகவே இல்லை. இதைப் பற்றி யாராவது யோசித்திருந்தால் எழுதுங்கள்.